செக்கிங் சாரின் வலிக்காத முட்டி

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் செக்கிங் சார் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி கிடையாது. எந்த டாக்டர் சொன்ன நேரத்துக்கு வருவார், எந்த டாக்டருக்குக் கேள்வி கேட்டால் கோபம் வரும், எந்த ஆஸ்பத்திரி கேன்டீனில் பொங்கல் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இவ்வளவு வைத்தியம் பார்த்துக்கொண்ட மனிதருக்கு அப்படி என்ன வியாதி என்று கேட்பீர்கள். ஒன்றுமே இல்லை. அதனால்தான் போனார்.

முகப்பேரில் எங்கள் அடுக்ககத்துக்கு அவர் குடிவந்தது ஓய்வு பெற்ற பிறகு. அதற்கு முன் ஆவடிப் பக்கம் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. உள்ளே வரும் ஒவ்வொரு இரும்புத் துண்டையும் அளந்து, தட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தேறாததைத் திருப்பி அனுப்புவது அவர் தொழில். தொழிற்சாலை அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் தொழிலுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. மளிகைக் கடைக்குப் போனால் பையிலிருந்து தன் சொந்தப் படிக்கல்லை எடுத்துத் தராசில் வைத்து, அது சரியாகக் காட்டினால்தான் பருப்பு வாங்குவார்.

குடிவந்த வாரமே லிஃப்டில் இத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். உடனே அத்தனை பேரையும் கூப்பிட்டு ஏற்றிவிட்டார். லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே நானும் இருந்தேன். மெக்கானிக் வரும்வரை கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் "நான் அப்பவே நெனச்சேன்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வியர்வையில் நனைந்து வெளியே வந்த நாங்கள் அவருக்கு அன்றே பெயர் வைத்துவிட்டோம். அவருடைய சொந்தப் பெயர் அசோசியேஷன் செயலாளருக்கே நினைவில்லை.

டாக்டர்கள் பக்கம் அவர் பார்வை திரும்பியதற்குக் காரணம் அவர் மனைவி தனலட்சுமி அக்காவின் தலைவலி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவின் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். தலையில் ஒன்றுமில்லை என்று கழுத்தை எடுத்தார்கள். கழுத்திலும் ஒன்றுமில்லை என்றதும், ஒன்றுமில்லாமல் எப்படி வலிக்கும் என்று மறுபடியும் தலைக்கே வந்தார்கள். அக்கா தானாகப் போய்க் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். வலி போய்விட்டது. சார் மட்டும் கொதித்துக்கொண்டே இருந்தார். கொதித்து முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தார். தராசை நம்ப வேண்டுமானால் எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்க்க வேண்டும். டாக்டரை நம்ப வேண்டுமானால் நோயில்லாத உடம்பை வைத்துப் பார்க்க வேண்டும்.

படிக்கல்லாக அவர் தேர்ந்தெடுத்தது தன் வலது முட்டியை. லிஃப்டைக் கெடுத்த பாவத்துக்கு நான்காம் மாடிக்குத் தினமும் படியேறிக்கொண்டிருந்த முட்டி அது. அதில் ஒரு குறையும் கிடையாது.

"'ஒண்ணுமில்ல, போய்ட்டு வாங்க'ன்னு சொல்ற டாக்டர் ஒருத்தர் கெடச்சாப் போதும் தம்பி. நம்ம குடும்பத்தையே அவர் கையில குடுத்துடலாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நொண்டிப் பார்த்துப் பழகிக்கொண்டு கிளம்பினார்.

முதலில் போனது உள்ளே செயற்கை அருவி கொட்டும் ஆஸ்பத்திரி. 'உங்கள் நம்பிக்கையே எங்கள் மூச்சு' என்று சுவரில் எழுதியிருந்ததாம். அந்த மூச்சை உள்ளே விடுவதற்கு முன்பே வரவேற்பில் இருந்த பெண் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே எல்லாம் கேட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே ஸ்கேன் எழுதினார். ஸ்கேன் எடுத்தவர்கள் கூப்பிட்டு, வலிக்காத இடது முட்டியிலும் தேய்மானம் தொடங்கியிருக்கலாம், இரண்டுக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ் இருக்கிறது என்றார்கள். சார் வீட்டுக்கு வந்தபோது, பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினாற்போல அவ்வளவு சந்தோஷம். "ஃபெயில்" என்றார்.

அம்பத்தூரில் ஒரு டாக்டர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே மருந்து எழுதினார். சார் பாதியில் வலது காலை இறக்கிவிட்டு இடது காலை நீட்டினார். அவர் அதையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஆமா, வீக்கம் கொஞ்சம் இருக்கு" என்றார். பூந்தமல்லியில் ஒருவர், வியாதி என்ன என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஊசி போட்டுவிட்டார். அங்கே வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டித் தயாராகவே உட்கார்ந்திருந்தார்களாம். அந்த டாக்டரின் மீது மக்களுக்கு இருக்கிற நம்பிக்கையை வேறு எங்கேயும் பார்த்ததில்லை என்று சார் வருத்தத்தோடு சொன்னார்.

பூந்தமல்லி-போரூர் சாலையில் இருந்த வலி நிவாரண மையம் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அதன் டாக்டர் சாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "என்னை உங்க தம்பியா நெனச்சுக்குங்க" என்றார். முட்டியில் எண்ணெய் தடவி, ஒரு பெரிய விளக்கின் கீழே வைத்து, சூடு காட்டினார்கள். முடிந்ததும் ஒரு பையன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, இப்போது வலி இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றார் சார். அங்கே அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

கடைசியில்தான் காட்டுப்பாக்கத்து டாக்டரம்மாவிடம் போனார். ஒரு காலத்தில் கடையாக இருந்த சின்ன அறை. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். டாக்டரம்மா முட்டியை மடக்கினார், நீட்டினார், அழுத்தினார். வலிக்கிற இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். சார் உள்பக்கம் காட்டினார். வீடு எந்த மாடி, எப்படித் தூங்குகிறீர்கள், என்ன வேலை பார்த்தீர்கள் என்று பேசிக்கொண்டே வந்தவர், திடீரென்று மறுபடியும் காட்டச் சொன்னார். சார் வெளிப்பக்கம் காட்டிவிட்டார். தரையில் குந்தி உட்காரச் சொன்னார். சோதனை என்றாலே ஒழுங்காகச் செய்து பழகிய மனிதர், அழகாகக் குந்தி உட்கார்ந்து எழுந்தார்.

"உங்க முட்டி என் முட்டியவிட நல்லா இருக்கு. எதுக்கு வந்தீங்க, சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து கைகுலுக்கி, நீங்கள் பாஸ் செய்துவிட்டீர்கள் என்று விவரத்தையெல்லாம் சொன்னார். பாராட்டை எதிர்பார்த்தார். டாக்டரம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"வெளிய காய்ச்சலோட கொழந்தைங்க உக்காந்திருக்கு. நீங்க சொன்னத நம்பி இவ்ளோ நேரம் உங்க முட்டியப் புடிச்சிட்டிருந்தேன். வர்றவங்க சொல்றத நம்பாம என்னால வைத்தியம் பண்ண முடியாது. நான் பாஸ், சரி. உங்கள நான் எப்படி நம்புறது? நெசமாவே ஏதாவது வந்தா வாங்க."

அன்று சார் மாடிப்படியில் நிஜமாகவே மெதுவாக ஏறினார். வாழ்நாளெல்லாம் மற்றவற்றைத் திருப்பி அனுப்பிய மனிதரை ஒருவர் திருப்பி அனுப்பியிருந்தார்.

அதன்பிறகு அவருக்கு ஒரே கவலை, நிஜமாக ஏதாவது வர வேண்டும். உடம்பு ஒத்துழைக்கவில்லை. மழையில் குடையை மடக்கிக்கொண்டு நடந்தார். ஐஸ்கிரீம் சாப்பிட்டார். தனலட்சுமி அக்கா, "இந்த மனுஷனுக்கு வியாதி வராத வியாதி வந்திருக்கு" என்று என்னிடம் புலம்பினார். ஒருநாள் காலையில் அடுத்தடுத்துத் தும்மல் வந்தது. குளிக்கக்கூட இல்லை, காட்டுப்பாக்கத்துக்கு ஓடினார். டாக்டரம்மா தொண்டையைப் பார்த்துவிட்டு, ஆவி பிடிக்கச் சொல்லி அனுப்பினார். "என்னை நம்பிட்டாங்க தம்பி" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்ன அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து, எங்கள் அடுக்ககத்தையே அவர் அங்கே அனுப்ப ஆரம்பித்தார். ஆனால் எங்கள் ஆட்களுக்கு டாக்டரம்மாவைப் பிடிக்கவில்லை. ஊசி போடவில்லை, ஸ்கேன் எழுதவில்லை, ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார், கேட்ட கேள்விக்குத் தெரியவில்லை என்றுகூடச் சொல்கிறார், இவர் என்ன டாக்டர் என்றார்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மூன்றாம் மாடித் தம்பதி இணையத்தில் தேடி, அவருக்கு ஸ்டார் குறைவு என்று நிராகரித்தார்கள். அருவி ஆஸ்பத்திரிக்கு ஸ்டார் கொட்டிக் கிடந்தது.

இப்படி இருக்கும்போதுதான் பேனர் வந்தது.

பூந்தமல்லி-போரூர் சாலையில், இரண்டு மாடி உயரத்துக்கு இரும்புச் சட்டம் கட்டி, அதில் சாரின் முகம். சார் வாழ்நாளில் கோட்டு போட்டதில்லை. பேனரில் நீலக் கோட்டு மாட்டியிருந்தார்கள். கழுத்துக்கு மேலே மட்டும்தான் அவர். பக்கத்தில் பெரிய எழுத்தில், 'நம்பினேன், நடக்கிறேன்'. முதலில் சாருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான் என்பதையும் சொல்ல வேண்டும். கோட்டு பொருந்துகிறது என்று அக்காவே சொன்னாராம். போகிற வருகிறவர்கள் முட்டியை விசாரித்தபோது, சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தார்.

எங்கள் கேட்டருகே ஆட்டோ நிறுத்தும் ஏழுமலை ஒருநாள் காலையில் காலில் துணி சுற்றிக்கொண்டு வந்தான். என்னப்பா ஆச்சு என்று சார்தான் விசாரித்தார். பாதம் ரொம்ப நாளாக எரிந்துகொண்டிருந்ததாம். அப்புறம் மரத்துப் போய்விட்டதாம். பேனரைப் பார்த்துவிட்டு வலி நிவாரண மையத்துக்குப் போயிருக்கிறான்.

"உன் மூஞ்சியப் பாத்துதான் போனேன் சார். நம்ம செக்கிங் சாரே சொல்லிட்டாரு, அவுரு சும்மா சொல்ற ஆளான்னு போனேன். லைட்டு வச்சானுங்கோ. சூடே தெர்ல. நல்ல லைட்டுன்னு நெனச்சிகினேன். ஊட்டுக்குப் போய்ப் பாத்தா தோலு பொத்துப் போய்க் கீது."

துணியை அவிழ்த்தான். கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல் கறுத்திருந்தது. புண்ணைச் சுற்றி நிறமே சரியில்லை. உனக்கு சுகர் இருக்கிறதா என்று சார் கேட்டார். இருக்கிறது, மாத்திரையை விட்டு ரொம்ப நாளாகிறது என்றான். அங்கே யாரும் அதைக் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பானாம்.

செக்கிங் சாரின் முகம் வெளுத்துப்போய் அன்றுதான் பார்த்தேன். உடனே காட்டுப்பாக்கத்து டாக்டரம்மாவிடம் போகலாம் வா என்றார். ஏழுமலை மசியவில்லை. இனிமேல் எந்த டாக்டரும் வேண்டாம், வீட்டில் மஞ்சள் பத்து போட்டுக்கொள்கிறேன் என்றான். சார் அந்த இடத்திலேயே, மற்ற ஆட்டோக்காரர்கள் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்க, உண்மையைச் சொன்னார். தன் முட்டி ஒருநாளும் வலித்ததில்லை, டாக்டர்களைச் சோதிக்கப் பொய் சொன்னேன், அந்த பேனரில் இருப்பது பொய் என்றார்.

ஏழுமலை அவரை ஏற இறங்கப் பார்த்தான். கோபப்படவில்லை. களைத்துப்போயிருந்தான்.

"மேல மாட்டிகினு கீற மூஞ்சி வலி பூட்ச்சுன்னுது. கீய நிக்கிற மூஞ்சி வலியே இல்லன்னுது. நா எந்த மூஞ்சிய நம்பறது சார்?"

சார் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். நேராக வலி நிவாரண மையத்துக்குத்தான் போயிருக்கிறார். பேனரைக் கழற்றுங்கள் என்று கேட்டதற்கு அங்கிருந்த மேனேஜர், வலி இல்லை என்று நீங்கள்தானே சார் கேமராவில் சொன்னீர்கள் என்றிருக்கிறார். வலி எப்போதுமே இல்லை என்றிருக்கிறார் சார். அப்படியானால் எங்கள் சிகிச்சையால் புதிதாக வலி எதுவும் வரவில்லை, அதுவும் நல்ல விஷயம்தானே என்றிருக்கிறார் மேனேஜர்.

கொஞ்ச நேரத்தில் தனலட்சுமி அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். "தம்பி, உங்க சார் வீட்டுக்கு வந்ததும் தெரியல, மறுபடி போனதும் தெரியல, இப்ப பேனர் மேல ஏறிட்டாராம். என் தையல் கத்தரிக்கோலைக் காணோம்" என்றார். நான் வண்டியை எடுத்தேன். கேட்டில் இருந்த ஏழுமலை, நானும் வருகிறேன் என்று பின்னால் ஏறிக்கொண்டான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாலை நின்றுபோயிருந்தது. பஸ், ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி எல்லாவற்றிலிருந்தும் தலைகள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. செக்கிங் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரும்புச் சட்டத்தின் உச்சியில் தன் முகத்துக்கு நேராக நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் காதைச் சுற்றி வெட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா பெர்சு, மேல இன்னா வேல? எறங்கு" என்றார் ஒரு போலீஸ்காரர்.

"என் மூஞ்சிய எடுத்துட்டு எறங்கிடறேன் சார்."

போலீஸ்காரர் பேனரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடியும் பேனரைப் பார்த்தார். இதற்கு எந்தப் பிரிவில் வழக்கு போடுவது என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அதற்குள் மேனேஜர் ஓடிவந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் குரலில் தேன் தடவிக்கொண்டு, "சார், கீழ வந்துடுங்க, உங்க முட்டிக்கு ஆகாது" என்றார்.

சார் மேலிருந்து நிதானமாகச் சொன்னது சாலை முழுக்கக் கேட்டது.

"என் முட்டிக்கு ஒண்ணுமில்ல. எப்பவும் இருந்ததில்ல. நான் பொய் சொன்னேன். உங்க டாக்டர் அதக்கூடக் கண்டுபிடிக்கல. என் மூஞ்சியப் பாத்து யாரும் இங்க போகாதீங்க."

இரண்டு மாடி உயரத்தில் ஏறி நிற்கிற முட்டியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தண்ணீர் லாரி டிரைவர் கைதட்டினார். சார் முகத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, வழுக்காமல் இறங்கி வந்தார். மேலே நீலக் கோட்டு தலையில்லாமல் நின்றது.

ஏழுமலை அந்த ஓட்டையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "வா சார், போலாம். அந்தம்மா எங்க கீது?" என்றான். போலீஸ்காரர் அவன் காலைப் பார்த்தார். பெயரையும் வீட்டு விலாசத்தையும் மட்டும் கேட்டுக்கொண்டு, முதலில் அவனைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார். சுகர் பார்த்தார். அவனுக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"இந்த விரல் போயிடும் ஏழுமலை. கால் போகாமப் பாக்கலாம். ஆனா உறுதியா சொல்ல மாட்டேன். இது என்னால ஆகாது, ஆபரேஷன் பண்றவங்கதான் பாக்கணும். இன்னிக்கே போகணும்" என்றார். சூடு ஏன் தெரியவில்லை, சுகர் நரம்பை என்ன செய்யும் என்பதை அவன் காலையே தொட்டுக் காட்டி விளக்கினார். அரசு மருத்துவமனையில் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டருக்கு அங்கேயே போன் போட்டார். ஏழுமலை அழுதான். ஆனால் ஒருமுறைகூட வேறு டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்கவில்லை.

விரல் போனது. கால் நின்றது. டாக்டரம்மா தினமும் போனில் விசாரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்டுக்கே வந்து அவன் மனைவியிடம் சாப்பாட்டு விவரமெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் பார்க்கப் போயிருந்தபோது ஏழுமலை பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "எல்லாவனும் ஒண்ணும் ஆவாதுன்னான் நைனா. இந்தம்மா ஒண்ணுதான் வெரலு பூடும்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிச்சு. அதான் நம்பினேன்."

பேனரில் அடுத்த வாரமே வேறொரு முகம் வந்துவிட்டது. கோட்டு மட்டும் அதே கோட்டு.

ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு போன அன்று, டாக்டரம்மா சாரையும் உட்காரச் சொல்லி ரத்த அழுத்தம் பார்த்தார். ஏறிக் கிடந்தது. பேனர் ஏறிய படபடப்பாக இருக்கும் என்று மறுநாளும் பார்த்தார், அடுத்த வாரமும் பார்த்தார். இறங்கவே இல்லை. அத்தனை டாக்டர்களிடம் போயிருக்கிறார், அத்தனை பேரும் அவர் முட்டியோடு நின்றுவிட்டார்கள். உங்களுக்கு பி.பி. இருக்கிறது, மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும் சார் கொஞ்ச நேரம் ஆடிப்போனார். பிறகு மெதுவாகக் கேட்டார், "அப்ப மாசாமாசம் இங்க வரணுங்களா?" வர வேண்டும் என்றார் அவர். வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதை அவர் சொன்ன விதத்தைப் பார்த்து, அக்கா பாயசம் வைக்கலாமா என்று கேட்டாராம்.

சாரும் அக்காவும் இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார்கள். போகும் அன்று ரயிலுக்கு ஏழுமலைதான் அழைத்துக்கொண்டு போனான்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். யார் சொன்னார்களோ தெரியாது, காலையில் சாரின் போன் வந்தது. எத்தனை டிகிரி, நாக்கு எப்படி இருக்கிறது, டாக்டரம்மா என்ன சொன்னார், அதை அப்படியே அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்லு என்று துளைத்தெடுத்தார். மறுநாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். குரலே சரியில்லையே தம்பி, சாப்பிட்டியா என்றார்.

காய்ச்சல் விட்டு நாலு நாளாகிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் காலையில் போன் வராது.